அழகியமண்டபம் வருமுன்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பஸ் வருவதற்குள் விழுங்கிவிட்டேன்.
மெஃபெனமிக் அமிலம், ஐந்நூறு மில்லிகிராம்.
பையில் அதே பெயரில் என் ஆய்வுக் குறிப்பேடு,
அடிவயிற்றில்
அந்தப் பெயரை இன்னும் கேள்விப்படாத வலி.

சுவாமியார்மடம்: ஒன்றுமில்லை.
அழகியமண்டபம்: முன் சீட்டுக் கம்பியைப் பிடித்த விரல்கள்
வெளுத்துப் போயின.
தக்கலையில் ஏறிய பள்ளிக்கூடப் பிள்ளைகள்
கேட்காமலே என் மடியில் இரண்டு பைகளை வைத்தார்கள்.
வில்லுக்குறி.
சுங்கான்கடையில் அடுக்கிவைத்த பானைகளைப் பார்த்தபோது
வலி சற்று யோசித்தது.
பார்வதிபுரத்தில்தான் கம்பியை விட்டேன்.

மருந்தில் பிழையில்லை.
தண்ணீரோடுதான் அதற்குச் சகவாசம் கிடையாது.
மழை நடுவில் குடைக்குள் நிற்கிறவனைப் போல
வயிற்றுக்குள் போயும்
நனையாமல் நின்றுகொண்டிருக்கும்.

என் வேலை அந்தக் குடையை மடக்குவது.

சிறிய கல் உரலில் அதையும் நிக்கோடினமைடையும் போட்டு
மூன்று சொட்டு எத்தனால் விட்டு
அரைப்பேன்.
இரண்டாவது ஆள் வைட்டமின் வர்க்கம்,
தண்ணீரைக் கண்டால் செருப்பைக் கழற்றாமல் இறங்கும்.

பக்கத்து மேஜைச் சுயம்பு
புத்தளத்து உப்பளத்துக்காரன்.
"உப்பாக்கிட்டாப் போதாதா, பிள்ளே?" என்பான்.
போதாது.
உப்பென்றால் ஒன்று தன் புரோட்டானை அவிழ்த்து
மற்றதன் கையில் கொடுத்துவிட வேண்டும்.
கொடுத்ததும் வாங்கியதும்
அந்தக் கடன் கணக்கிலேயே ஒட்டிக் கிடக்கும்.
இணைப்படிகத்தில் கொடுக்கல் வாங்கல் இல்லை.
நடுவில் ஒரு ஹைட்ரஜன்
தன் வீட்டுப் படியில் நின்றபடியே
எதிர்வீட்டுக்குக் கை நீட்டும்.
மருந்து மருந்தாகவே இருக்கும்,
நிற்கிற வரிசை மட்டும் மாறும்.

"பின்னே அது சரியாம எப்படி நிக்கும்?"
அதைத்தான் நானும் ஆறு மாதமாகக் கேட்கிறேன்.

ஐப்பசி முழுக்கச் சரிந்துகொண்டுதான் இருந்தது.
சுவர் வியர்த்தது, தூள் கட்டி பிடித்தது,
நோட்டின் பக்கங்கள் ஒன்றோடொன்று இணைந்தன,
என் உரலில் இருந்தவை மட்டும் இணையவில்லை.
எக்ஸ்ரே எடுக்கத் திருவனந்தபுரம் போன பதினேழாம் மாதிரி
தாளாகத் திரும்பி வந்தது:
பழைய சிகரங்கள்,
இருவருடையதும், பக்கத்துப் பக்கத்தில், முகம் பார்க்காமல்.
"வெறும் கலவை" என்றார் கைடு.
அவர் டீ ஆறக்கூட இல்லை.

தை மாதம் ஒரு மதியம் கரண்டு போயிற்று.
செய்ய வேறொன்றும் இல்லாததால்
அரைத்துக்கொண்டே இருந்தேன்.
இருபது நிமிடம் என்று எழுதியிருந்ததை மறந்து,
தோள்பட்டை எரியும்வரை,
யார் மேலென்று தெரியாத கோபத்தில்.

மறுநாள் கண்ணாடிக் குழாயில் அடைத்துச் சூடாக்கினோம்.
இதன் சூடும் அல்ல, அதன் சூடும் அல்ல,
இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு பாகையில்
தயங்காமல், ஒரே மூச்சில்,
உருகியது.

சுயம்பு விசிலடித்தான்.
இரண்டாம் முறை உருக்கிப் பார்க்கச் சொன்னேன்.
மூன்றாம் முறை அவனே கேட்காமல் செய்தான்.

திருவனந்தபுரத்துத் தாளில்
யாருடையதும் இல்லாத ஒரு சிகரம் நின்றது.
கரைதிறன் சோதனை முடிந்த சாயங்காலம்
கைடு வாசலிலேயே மறித்துக் கேட்டார், எப்படி என்று.
"அழகியமண்டபம் வருமுன்னே பாதிக்கு மேல் கரைஞ்சாச்சு சார்."
"நிமிஷத்துல சொல்லும்மா."
சொன்னேன்.

இது ஒரு முகவையில் நடந்தது,
மனித வயிற்றில் அல்ல.
அங்கே போய்ச் சேர எலிகள் உண்டு, கோப்புகள் உண்டு,
கையெழுத்துகள் உண்டு, வருடங்கள் உண்டு.
லேபில் பூட்டிய அலமாரியில்
இரண்டு கிராமுக்கும் குறைவாக
ஒரு குப்பியில் இருக்கிறது.

இன்று தேதி இருபத்தொன்று.
மேம்பாலத்துக்குக் கீழே
கடையில் வாங்கிய அட்டையைப் பிதுக்குகிறேன்.
பஸ் வருகிறது.
உட்கார இடமில்லை.
சுங்கான்கடை வரைக்கும்
கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.